பகலில் தூங்குகிறவனின் ஆட்சேபணை

மனுஷன் தூங்கறது ஒரு குத்தமுங்களா? நீங்களே சொல்லுங்க சார்.

இல்ல இல்ல, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு வேண்டாம். வெளிய பாத்துப் பாத்தே கண்ணு காஞ்சு போச்சு. நான் ரயில் ஓட்டறவனுங்க. கூட்ஸ் வண்டி. ஈரோட்டுல எடுத்தா ஒரு நாள் சேலத்துக்கு அக்கட்ட, ஒரு நாள் கோயமுத்தூருக்கு அக்கட்ட, எங்க போகச் சொல்றாங்களோ அங்க. பேர் நாச்சிமுத்து. கண்டக்டர்கிட்ட டிக்கெட் வாங்கிட்டீங்களா? நான் பெருந்துறைதான். அதுவரைக்கும் சொல்றேன், கேளுங்க. யார்கிட்டயாச்சும் சொல்லோணும் சார். வீட்ல சொல்ல ஆள் இல்ல.

கூட்ஸுக்கு நேரம் காலம் கிடையாது. ஆனா பெரும்பாலும் ராத்திரிதான் வந்து மாட்டும். விடிய விடிய முழிச்சிருந்துட்டு காலைல வீட்டுக்கு வருவேன். குளிச்சு ரெண்டு இட்லி தின்னுட்டுப் படுத்தா பொழுது சாயற வரைக்கும் தூங்கோணும். தூங்குனாத்தான் அடுத்த ராத்திரி கண்ணு நிக்கும். எனக்குப் பின்னால ஆயிரக்கணக்கான டன்னு வருதுங்க. பஸ்ஸாட்டம் பிரேக்கை மிதிச்சா நிக்காது. நிறுத்தோணும்னு நெனச்ச எடத்துல இருந்து ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிக்கும். அதனாலதான் சொல்றேன், என்ற தூக்கம் எனக்கு மட்டும் ஆன தூக்கம் இல்ல.

இதை எம்பட சம்சாரம் கலாமணி நல்லா புரிஞ்சுக்கிட்டா. கல்யாணம் ஆகி வந்த புதுசுல அவ ஓயாம பேசுவா. நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். "இத பாரு, நான் தூங்கலைன்னா ஒரு நாள் வண்டியக் கொண்டு போய் எதுலயாச்சும் விட்ருவேன். அப்புறம் நீ தாலியக் கழட்ட வேண்டியதுதான்." அவ்வளவுதானுங்க சொன்னேன். அன்னைக்கே கொலுசைக் கழட்டி வெச்சுட்டா. இன்னைக்கு வரைக்கும் போடல. நான் கழட்டச் சொல்லவே இல்ல, தானாவே பண்ணுனா. பகல்ல குக்கர் வெக்க மாட்டா. காலிங் பெல் ஒயரைப் பிடுங்கி விட்டுட்டா. மிக்ஸி ஓட்டறதெல்லாம் நான் டியூட்டிக்குப் போன பொறகுதான். பாத்திரம் கழுவுனா ஒண்ணு மேல ஒண்ணு படாது. அவ சொந்தக்காரங்க பகல்ல வர்றதை நிறுத்திக்கிட்டாங்க. ராத்திரி வந்தா நான் இருக்க மாட்டேன், நல்லாவா இருக்கும்? அதனால ராத்திரியும் வர்றதில்ல. சண்டையே இல்லாத வீடு சார் எங்க வீடு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு சத்தம் கிடையாது.

ஒரே பொண்ணு, ஹேமலதா. அது ரெண்டாவது படிக்கறப்ப டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. "பாப்பா வாயே தொறக்க மாட்டேங்குது சார். கேள்வி கேட்டா உதடு மட்டும் அசையுது, சத்தம் வர்றதில்ல"ன்னாங்க. நான் சிரிச்சுட்டு, "அது வளப்புங்க டீச்சர்"னு சொல்லிட்டு வந்தேன். இப்ப ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்கோம். போன்ல பேசுனா "என்ன கண்ணு, என்ன கண்ணு"ன்னு மூணு தடவை கேக்கோணும். அத்தனை அடக்கம்.

இப்படிப் போயிட்டிருந்த வீட்டுக்குப் பக்கத்துலதான் போன வருஷம் அந்தக் காப்பகம் வந்தது.

எங்க வீதில எல்லாம் வீடுங்கதான். ஒரு பெட்டிக்கடை கூடக் கிடையாது. அதைப் பாத்துத்தான் லோன் போட்டு அங்க வீடு கட்டுனேன். பக்கத்து வீட்டுக்காரர் பையனோட சென்னைக்குப் போயிட்டார். அந்த வீட்டை நவமணின்னு ஒரு அம்மா வாடகைக்கு எடுத்தாங்க. அங்கன்வாடில வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவங்க. நெம்ப நல்ல பொம்பளை, அதுல குறை சொல்ல மாட்டேன். வேலைக்குப் போற பொம்பளைங்க குழந்தைங்களை வெச்சுப் பாத்துக்கறாங்க. பனியன் கம்பெனிக்குப் போறவங்க, ஜவுளிக்கடைல நிக்கறவங்க, ஒரு நர்சு. எங்க வீதிப் பொண்ணுங்களே நாலஞ்சு பேர் கொண்டு வந்து விட்டாங்க. "மழலைக் கூடு"ன்னு பச்சை பெயிண்ட்ல போர்டு.

எங்க படுக்கற ரூமு ஜன்னலுக்கும் அவங்க முன்கூடத்துக்கும் நடுவுல ஒரு ஆள் நடக்கற சந்துதான் சார். நான் இட்லி தின்னுட்டுப் படுக்கற நேரமும், அம்மாக்காரிங்க கொழந்தைய விட்டுட்டுப் போற நேரமும் ஒண்ணு. அந்த நேரத்துல ஒண்ணு அழுக ஆரம்பிக்கும் பாருங்க. ஒண்ணு அழுதா அது என்னத்துக்கு அழுகுதுன்னே தெரியாம இன்னொண்ணு அழுகும். அப்புறம் மொத்தமும். அழுது முடிச்சா வெளையாட்டு. வெளையாட்டு முடிஞ்சா அடிதடி. பஞ்சை உருட்டிக் காதுல வெச்சேன். தலகாணியத் தலை மேல வெச்சேன். ஜன்னலுக்கு மெத்தைய நிறுத்தி அடைச்சேன். உள்ள வெந்து போச்சே ஒழிய சத்தம் நிக்கல.

ரெண்டு தடவை நேர்ல போய்ச் சொன்னேன். மரியாதையாத்தான். நவமணியம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. "அண்ணா, காலைல கொழந்தைங்களைப் பின்னால ரூமுல வெச்சுக்கறேன். உங்க பக்கத்து ஜன்னலைச் சாத்திடறேன். ஆனா அழுகற கொழந்தை வாயை நான் எப்படிண்ணா பொத்த முடியும்?"னாங்க. செஞ்சாங்க, செய்யலைன்னு சொல்ல மாட்டேன். ஒரு வாரம் பரவால்ல. பொறகு மறுபடி அதேதான். கொழந்தைக்கு நாளு கெழமை தெரியுமுங்களா?

இதுல இன்னொண்ணு சேந்துச்சு. பாட்டு.

தெனமும் பகல்ல ஒரு பொம்பளை பாட ஆரம்பிக்கும். சினிமாப் பாட்டு இல்ல. அதுவா எதையோ கட்டிப் பாடும். "கோழி கோழி, கொண்டை எங்கே? கூரை மேலே காயப் போட்டேன்!" அப்படின்னு. அதைப் பாடுனா அத்தனை கொழந்தையும் சிரிக்கும், கையத் தட்டும். கொழந்தை அழுகைய ஒரு மாதிரி பொறுத்துக்கலாம் சார். இந்தப் பாட்டைப் பொறுக்க முடியல. கணீர்னு, வெக்கம் மானம் இல்லாம, தொண்டையத் தொறந்து விட்ட குரலு. நடுவுல அந்தப் பொம்பளையே சிரிச்சிடும். சுவத்தைத் தட்டுவேன். செத்த நேரம் நிக்கும். பொறகு மறுபடி கோழி.

கலாமணிகிட்டக் கேட்டேன். "யாரு இது, தகரத்தை ரோட்டுல போட்டு இழுக்கற மாதிரி?" அவ சோறு போட்டுட்டு இருந்தா. தலைய நிமித்தாம, "வேலைக்கு ஒரு அம்மா வந்திருக்காங்களாமுங்க. சொல்றேனுங்க"ன்னா. சொல்லிருப்பா போல. ரெண்டு நாள் பாட்டு இல்ல. மூணாம் நாள் திரும்ப வந்துருச்சு. அப்பெல்லாம் கலாமணி முகம் கொஞ்சம் தெளிச்சியா இருந்துச்சு. வத்தலா இருப்பா, கொஞ்சம் சதை போட்டிருந்தா. மூட்டு வலிக்குக் குடுத்த மாத்திரை ஒத்துக்கிச்சுன்னு நெனச்சேன்.

அப்பதான் அது நடந்தது. மொரப்பூர் தாண்டி வந்துட்டிருக்கோம். நானும் எஞ்சின்ல கூட இருக்கற உதவி டிரைவரும் சிக்னலைப் பாத்துப் பாத்து வாயால சொல்லிக்கோணும், அதுதான் முறை. எனக்கு மஞ்சள்னு தெரிஞ்சுது. மஞ்சள்னு சொன்னேன். பக்கத்துல இருந்தவர், "ரெட்டு சார்! ரெட்டு!"ன்னு கத்துனார். பிரேக்கைப் போட்டேன். வண்டி நின்ன எடத்துக்கும் சிக்னல் கம்பத்துக்கும் நடுவுல பெருசா ஒண்ணும் இடம் இல்ல சார். முன்னால ஒரு பாசஞ்சர் நின்னுட்டிருந்துச்சு. அதுல ஜனங்க இருக்காங்க. தூங்கிட்டு இருக்காங்க. நான் தூங்காததுனால அவங்க எந்திரிக்காமயே போயிருப்பாங்க.

வீட்டுக்கு வந்து கலாமணிகிட்ட சொன்னேன். அவ சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டா. ஒண்ணும் பேசல. எப்பவும் பேச மாட்டாதான், ஆனா அன்னைக்கு அது வேற மாதிரி இருந்துச்சு.

மறுநாளே மாநகராட்சி ஆபீசுக்குப் போனேன். அங்க விசாரிச்சா, எங்க வீதி குடியிருப்புப் பகுதியாம். அதுல காப்பகம் நடத்தோணும்னா தனியா அனுமதி வாங்கோணுமாம். நவமணியம்மா வாங்கவே இல்ல. அவங்களுக்கு அது தெரியவும் தெரியாது. நான் ஆட்சேபணை மனு குடுத்த பொறகு நோட்டீஸ் போச்சு. பாவம், ஓடி ஓடி விண்ணப்பம் போட்டாங்க. அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டுத்தான் அனுமதி குடுப்போம்னு சொல்லிருக்காங்க. வீதில எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க, காப்பகம் இருக்கட்டும்னு. நான் ஒருத்தன்தான் போடல.

அதுக்குப் பொறகு நான் வீதில நடக்க முடியல சார். கோடி வீட்டு சம்பந்தம் சார், பேங்குல பெரிய உத்தியோகத்துல இருந்தவர், என்னை மறிச்சுக்கிட்டார். "எம் பொண்ணு இதை நம்பித்தான் வேலைக்குப் போறா நாச்சிமுத்து. ஒருத்தர் தூக்கத்துக்காக இத்தனை பேர் வீட்ல உக்காரணுமா?"

"சார், உங்க பொண்ணு லீவு போட்டா ஆபீசுல ஒரு நாற்காலி காலியா இருக்கும். நான் கண்ணசந்தா என்ன ஆகும்னு தெரியுங்களா?"ன்னேன்.

"அப்ப வேற வேலை வாங்கிக்கங்க"ன்னுட்டுப் போயிட்டார். கேட்டீங்களா நியாயத்தை? நானும் கேட்டுப் பாத்தேன் சார், யார்டுல பகல் டியூட்டி. எனக்கு முன்னால வரிசைல எத்தனையோ பேர், முடியாதவங்க, ஆபரேஷன் பண்ணுனவங்க. வீட்டை வித்துட்டுப் போலாம்னா லோன் முடியல. தூக்கத்தை விடவும் முடியாது, வேலைய விடவும் முடியாது, வீட்டை விடவும் முடியாது. எலிப்பொறில மாட்டுனதாட்டம் இருந்தேன்.

ஆபீசுல இருந்து நேர்ல பாக்க வந்தாங்க. அருட்செல்வின்னு ஒரு மேடம், நகரமைப்பு ஆய்வாளர். நான் ராத்திரி டியூட்டி முடிச்சு அப்படியே நின்னேன், கண்ணெல்லாம் செவந்து. கலாமணி எனக்குப் பின்னால நின்னுட்டு இருந்தா. நவமணியம்மா வாசல்ல. கொழந்தைங்க உள்ளயும் வெளியயுமா ஓடிட்டு இருந்துச்சுங்க. வீதி ஜனமும் வந்துருச்சு.

அந்த மேடம் நல்லவங்க. நடுவுல இருக்கற சந்தோட அகலத்தை அளந்தாங்க. எங்க ரூமுக்குள்ள வந்து பாத்தாங்க, ஜன்னல்ல மெத்தைய நிறுத்தியிருக்கறதைப் பாத்தாங்க. பொறகு வெளிய வந்து என்ற மனுவை எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சாங்க. "இது தவிர, பணியாளரான ஒரு பெண்மணி நாள்தோறும் உரத்த குரலில் பாடி உறக்கத்தைக் கெடுக்கிறார்..." அந்த எடத்துல நிறுத்திட்டு, "யாரும்மா அது பாடறது? வேலைக்கு ஆள் இல்லைன்னு விண்ணப்பத்துல போட்டிருக்கீங்களே?"ன்னு நவமணியம்மாவைக் கேட்டாங்க.

நவமணியம்மா தரையப் பாத்துட்டு நின்னாங்க.

அப்ப ஒரு பொடிசு, மூக்கு ஒழுகிட்டு ஓடியாந்து, என்னைச் சுத்திப் போய், எனக்குப் பின்னால கலாமணி சேலையப் புடிச்சு இழுக்குது. "கலாம்மா, கோழிப் பாட்டு. கலாம்மா."

"நான்தானுங்க மேடம்"னா கலாமணி.

நான் சிரிச்சுட்டேன் சார். நெஜமாச் சிரிச்சேன். "இவளுக்குப் பாட்டெல்லாம் வராதுங்க மேடம். இவ பேசறதே கேக்காது"ன்னேன். யாரும் சிரிக்கல. வீதில அத்தனை பேரும் என்னையே பாக்கறாங்க. அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. நான் ரூமுக் கதவைச் சாத்திப் படுத்ததும் வெளிய பூட்டிட்டு சந்து வழியா அந்த வீட்டுக்குப் போயிருக்கா. நான் எந்திரிக்கறதுக்குள்ள வந்து காப்பி போட்டிருக்கா. காப்பகம் தொறந்த நாள்ல இருந்து. சுவத்தைத் தட்டுனப்பெல்லாம் நான் யாரைத் தட்டுனேன்னு இப்பதான் தெரிஞ்சுது. கட்டுன பொண்டாட்டி குரலு சார். எனக்கு அடையாளம் தெரியலைங்க.

மேடம் அவளை முன்னால கூப்பிட்டாங்க. "உங்க வீட்ல ஒருத்தருக்கு ஆட்சேபணை. நீங்க இங்கயே இருந்து கொழந்தைங்களைப் பாத்துக்கறீங்க. அப்ப நீங்க என்ன சொல்றீங்கம்மா? அனுமதி குடுக்கலாமா?"

கலாமணி அந்தப் பொடிசைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா. மூக்கைத் தொடச்சு விட்டா. அப்புறம் சொன்னா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அத்தனை வருஷத்துல நான் கேக்காத குரலு. "அவரு தூங்கோணுமுங்க மேடம். தூங்காம வண்டி ஓட்டக் கூடாது. அன்னைக்கு அந்த வண்டி நிக்காமப் போயிருந்தா, பாட்டுப் பாடிக் கெடுத்தவ நானுன்னு ஆயிருக்கும். இந்த எடத்துல வேண்டாமுங்க."

பாத்தீங்களா? எம் பக்கம்தான் நின்னா. வீதியே ஒரு பக்கம் நின்னப்ப எம் பொண்டாட்டி எம் பக்கம் நின்னா. நவமணியம்மா முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அழுதாங்க. சம்பந்தம் சார் காறித் துப்பிட்டுப் போனார். கலாமணி அழுகல. அந்தக் கொழந்தைய எறக்கி விட்டுட்டு, வீட்டுக்குள்ள போய் எனக்கு இட்லி எடுத்து வெச்சா.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன்.

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க"ன்னா.

அனுமதி இல்லைன்னு ஆயிருச்சு. நவமணியம்மா போர்டைக் கழட்டிட்டு பெருந்துறைக்குப் போயிட்டாங்க. அங்க மெயின் ரோட்டுல ஒரு பழைய அரிசி மில்லு ஆபீஸ் கட்டடம், கடைங்க இருக்கற பகுதி, அனுமதி சுலபமாக் கெடச்சிருக்கு. நான் ஜெயிச்சேன். மெத்தைய ஜன்னல்ல இருந்து எடுத்துக் கட்டில்ல போட்டேன். காத்து நல்லா வந்துச்சு. கண்ணை மூடுனேன்.

தூக்கம் வரல சார்.

சத்தமே இல்ல. ஆனா வரல. கலாமணி சமையக்கட்டுல இருக்காளா இல்லையான்னு காது வெச்சுக் கேப்பேன். ஒண்ணும் கேக்காது. எந்திரிச்சுப் போய்ப் பாத்தா அங்கதான் உக்காந்திருப்பா, கீரைய ஆஞ்சுட்டு. இல்லைன்னா ஆயறதுக்கு ஒண்ணும் இல்லாம சும்மா. "பாட்டுப் பாடறதுன்னா பாடு, நான் ஒண்ணும் சொல்லல"ன்னேன் ஒரு நாள். "கொழந்தைங்க இல்லாம என்னத்தைங்க பாடறது"ன்னா. அதுக்கு மேல அவகிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல. பழக்கம் இல்லீங்களே.

தை மாசம் ஒரு நாள் காலைல டியூட்டி முடிச்சு வர்றேன், நல்ல சேலை கட்டிட்டு நிக்கறா. "நான் பெருந்துறைக்குப் போறனுங்க, நவமணியக்காகிட்ட. நீங்க எந்திரிக்கறதுக்குள்ள வந்துர்றேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். வீட்ல யாரும் இல்லைன்னா உங்களுக்கு இன்னும் நல்லாத் தூக்கம் வருமுங்க." என்ன சொல்லித் தடுக்கறது? தடுக்க ஒரு காரணம் வேணுமில்ல. சத்தம் போட்டாளா? இல்ல. சமைக்கலையா? சமைச்சிருக்கா. "போய்ட்டு வா"ன்னேன்.

அவ இந்த பஸ்லதான் போவா, இதுக்கு முந்துன நடை. நான் கட்டில்ல படுத்துப் பாப்பேன். பொறண்டு பாப்பேன். எந்திரிச்சு அடுத்த பஸ் ஏறிடுவேன். என்ன பண்ணச் சொல்றீங்க? நல்லவேளை இப்ப எனக்குப் பிரஷர் ஏறி, டாக்டர் எழுதிக் குடுத்து, கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்ட விடறதில்ல. ஆபீசுல உக்கார வெச்சிருக்காங்க. ராத்திரி ஷிப்டுதான். அவகிட்ட சொல்லல, பயப்படுவா. பெருந்துறைல எறங்கி, ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடைல நிப்பேன். லாரியும் பஸ்ஸுமா போயிட்டு இருக்கும். அதுக்கு நடுவுல எப்பவாச்சும் அந்தக் குரலு ஒரு துண்டு வந்து விழும். அதைக் கேட்டுட்டு அவளுக்கு முன்னாடியே திரும்பிப் போய்ப் படுத்துக்குவேன். அவ வந்து காப்பி போட்டு, "நல்லாத் தூங்கினீங்களா?"ம்பா. "ம்"முன்னுவேன்.

போன வாரம் என்னமோ தோணி, ரோட்டைத் தாண்டிப் போயிட்டேன். கம்பிக் கேட்டு. உள்ள முத்தத்துல கொழந்தைங்க வட்டமா நின்னு குதிச்சுட்டு இருக்கு. நடுவுல இவ. சேலைய இழுத்துச் சொருகிட்டு, ரெண்டு கையையும் தலைக்கு மேல கொண்டை மாதிரி வெச்சுட்டு இவளும் குதிக்கறா சார். வாயத் தொறந்து சிரிக்கறா. அவளுக்கு முன்பல்லு ஒண்ணு இல்ல. அது எப்ப விழுந்துச்சுன்னே எனக்குத் தெரியாது.

ஒரு பொண்ணுக் கொழந்தைதான் என்னைப் பாத்துச்சு. "கலாம்மா, யாரோ தாத்தா"ன்னுது.

இவ திரும்புனா. பாத்தா. கை ரெண்டும் கீழ வந்துச்சு. சொருகுன சேலைய எடுத்து விட்டுக்கிட்டா. அப்புறம் கொழந்தைங்க பக்கம் திரும்பி, வாயில விரலை வெச்சு, "ஷ்ஷ்..." அப்படின்னா.

அவ்வளவுதான். அத்தனை கொழந்தையும் கப்புனு அடங்கிருச்சு. ஒண்ணு கூட மூச்சு விடல. அவ விரல் வெச்ச மாதிரியே எல்லாம் வாயில விரலை வெச்சுக்கிட்டு என்னையே பாக்குதுங்க. பயந்து போயி.

இருக்கட்டும், சத்தம் போடட்டும்னு சொல்லத்தான் சார் வாயெடுத்தேன். வரல. உதடு மட்டும் அசைஞ்சுது போல இருக்கு.

"தூங்கலீங்களா?"ன்னு கேட்டா, மெதுவா.

நான் கேட்டைப் புடிச்சுட்டு அப்படியே நின்னேன். எத்தனை நேரம் நின்னேன்னு தெரியல. அந்தக் கொழந்தைங்களும் விரலை எடுக்கவே இல்லீங்க.